இரண்டு தாள்களில் ஒரே மாலை

ஆலோசனைக்கு வரும் குடும்பங்களுக்கு முதல் அமர்விலேயே நான் ஒரு சிறிய வேலை கொடுப்பதுண்டு. பிள்ளையையும் பெற்றோரையும் தனித்தனியே உட்காரவைத்து, முந்தைய நாள் மாலை 4 மணியிலிருந்து படுக்கும்வரை ஒவ்வோர் அரை மணி நேரமும் எப்படிக் கழிந்தது, அப்போது யார் உடனிருந்தார்கள் என்று எழுதச் சொல்வேன். சில மாதங்களுக்கு முன் பிளஸ் ஒன் படிக்கும் மகனை ஒரு தாயார் அழைத்து வந்திருந்தார் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). டியூஷனுக்கு என்று கிளம்பிவிட்டு வேறெங்கோ போகிறான், கேட்டால் எரிந்து விழுகிறான், தங்கையைக் கைநீட்டி அடிக்கிறான் என்பது அவருடைய புகார். இரவு 8 முதல் 10 வரையிலான இடத்தில் தாயார் 'அவனோடு இருந்தேன், படிக்க வைத்தேன்' என்று எழுதியிருந்தார். அதே இடத்தில் மகன் எழுதியிருந்தது: 'தனியாக.'

இருவர் எழுதியதும் பொய்யில்லை. அவன் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருக்க, தாயார் அவனுடைய செல்போனைத் தம் மடியில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளிக் காவல் இருந்திருக்கிறார். அந்த 2 மணி நேரத்தில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, 'எத்தனை பாடம் முடிஞ்சுது', 'நிமிர்ந்து உட்காரு' என்ற இரண்டைத் தவிர இருவருக்கும் வேறெதுவும் நினைவுக்கு வரவில்லை. தந்தை வளைகுடாவில் வேலை செய்கிறார். இரவுதோறும் தவறாமல் வீடியோ காலில் வருவார், சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்பார், பிறகு செல்போன் தாயாரின் கைக்குப் போய்விடும். மகனுக்காகத் தாம் நேரம் ஒதுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அந்தத் தாயார் மனம் உடைந்துபோவார், அதில் நியாயமும் உண்டு.

வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுடன் பெற்றோர் செலவிடும் நேரத்தைப் பற்றி மெலிசா மில்கி என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் குடும்பங்களின் நாட்குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டது. 3 முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளிடம், தாயார் உடனிருந்த மணிக்கணக்குக்கும் குழந்தையின் நடத்தை, மனநிலை, படிப்பு ஆகியவற்றுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. 12 முதல் 18 வரை உள்ளவர்களிடம் தொடர்பு இருந்தது: தாயார் உடனிருந்து ஈடுபட்ட நேரம் கூடியபோது விதிமீறும் நடத்தை குறைவாக இருந்தது, தாயும் தந்தையும் சேர்ந்து ஈடுபட்ட நேரம் கூடியபோது அதோடு போதைப் பழக்கமும் குறைவாகக் காணப்பட்டது. கைக்குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு, பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் 'இனி அவனே பார்த்துக்கொள்வான்' என்று முழுநேர வேலைக்குத் திரும்பும் நம் வழக்கத்தை இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. ஆனால் இதைக் காரண காரிய உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிக்கலில் இருக்கும் பிள்ளை தானாகவே பெற்றோரை விட்டு விலகும் என்பதால், நேரக்குறைவு விளைவாகவும் இருக்கலாம்.

விலகல் எல்லாமே நோய்க்குறியும் அல்ல. ரீட் லார்சன் என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பில் விழித்திருக்கும் நேரத்தில் 35 விழுக்காடாக இருந்த குடும்ப நேரம் பன்னிரண்டாம் வகுப்பில் 14 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. குறைந்தது குடும்பத்தோடு கும்பலாக இருக்கும் நேரம்தான்; தாயோடோ தந்தையோடோ தனியாக இருக்கும் நேரமும், பேசும் நேரமும் ஏறக்குறைய அப்படியே நின்றன. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பெண், இரவு 10:30 மணிக்கு அம்மா பாத்திரம் கழுவும்போது அடுப்பங்கரை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு தோழியோடு போட்ட சண்டையை ஒன்றுவிடாமல் சொல்வதை நான் முரண்பாடாகப் பார்க்கவில்லை. பதின்ம வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குவதால், பெற்றோர் களைத்துச் சரியும் வேளையில் பிள்ளைகள் விழிப்பாக இருக்கிறார்கள். 'குவாலிட்டி டைம்' என்ற சொல்லின்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். ஞாயிறு மாலை 5 முதல் 6 வரை மனம்விட்டுப் பேசுவது என்று தந்தை திட்டமிடலாம். பிள்ளையின் மனம் அந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஸ்வீடனில் 14 வயதினரை ஆராய்ந்து 2000-இல் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் சொன்னது என் தொழில் முறையையே மாற்றியது. பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாரோடு இருக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்கும் வீடுகளில் தவறான நடத்தை குறைவு என்பது பழைய முடிவு. கண்காணிப்பின் பலன் அது என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இவர்கள் கேட்டது, அந்தச் செய்தி பெற்றோருக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி. துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் கிடைத்ததைவிட, பிள்ளை தானாக வந்து சொன்னதில் கிடைத்ததே அதிகம். நன்னடத்தையோடு நெருக்கமாக இணைந்திருந்ததும் அதுவே.

தானாக வந்து சொல்வது எப்படி நின்றுபோகிறது என்பதை அறையில் நேரிலேயே பார்த்துவிடலாம். 'எங்க கிளாஸ்ல ஒருத்தன் சிகரெட் பிடிச்சு மாட்டிக்கிட்டான்' என்று ஒருமுறை ஒரு பையன் தொடங்கினான். 'அவனோட சேர்ந்தா காலை உடைச்சிடுவேன்' என்றார் தந்தை. பையன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த 'ஒருத்தன்' யார் என்பது அன்று எனக்கும் தெரியாமலே போயிற்று. மாறாக, டியூஷன் முடிந்து வரும் மகளை இரவு 9 மணிக்குத் தம் ஆட்டோவிலேயே வீட்டுக்குக் கூட்டிப் போகும் ஒரு தந்தை, நாளெல்லாம் தெருவிலேயே இருப்பவர், மகளின் தோழிகள் அத்தனை பேரின் பெயரையும் அவர்களுக்குள் நடக்கும் சண்டைகளையும் அறிந்திருந்தார். அவர் எதையும் கேட்பதில்லையாம். முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுவாராம். முகம் பார்க்காமல் இருப்பதுதான் இந்த வயதில் பேச்சுக்கு வசதி என்று எனக்குத் தோன்றுகிறது.

நேரம் கொடுத்தால் மட்டும் தீராதவையும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, தூக்கமும் பசியும் தலைகீழாவது, உடம்பில் கீறிக்கொண்ட தழும்பு, 'நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லதுதானே' என்ற பேச்சு ஆகியவற்றைக் கண்டால், பாசத்தால் சரிசெய்துவிடலாம் என்று காத்திராமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அந்தத் தாயாரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். காவல் நேரத்தை 1 மணி நேரமாகக் குறைத்துவிட்டு, இரவு 9:30-க்கு மகனோடு தோசை மாவு வாங்கத் தெருமுனைக் கடைவரை நடந்துபோய் வர வேண்டும், வழியில் படிப்பைப் பற்றிக் கேட்கக் கூடாது. முதல் வாரம் இருவரும் பேசாமலேயே போய்ப் பேசாமலேயே திரும்பினார்களாம். எரிச்சலாக இருந்தது என்று தாயார் ஒளிக்காமல் சொன்னார். மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, டியூஷனில் கணக்கு புரியவில்லை என்றும், எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்ததிலிருந்து அங்கே போகவே கால் வரவில்லை என்றும், காலிப் பையைக் கையில் சுழற்றிக்கொண்டே அவன் சொல்லியிருக்கிறான். தாயாருக்குக் கோபம் தொண்டைவரை வந்ததாம். கடை வந்துவிட்டதால் பேசாமல் இருந்துவிட்டாராம்.

ஐந்தாவது வாரம் மறுபடியும் தாள் கொடுத்தேன். கணக்கில் மதிப்பெண் ஏறியிருக்கவில்லை, தங்கையோடு சண்டையும் தொடர்ந்தது. 8 முதல் 9 வரை அவன் இன்னும் 'தனியாக' என்றே எழுதியிருந்தான். 9:30-க்கு எதிரே இரண்டு தாள்களிலும் 'கடை' என்று இருந்தது. அவன் தாளில் மட்டும் அதன் பக்கத்தில் 'அம்மா' என்றும் இருந்தது.