ஆர்க்டிக் கடலடியில் அசோலா

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி: "போர் போடும்போது மேலே வரும் தூளைப் பார்த்துத்தான் மண் முடிந்ததா, பாறை தொட்டதா என்று சொல்கிறோம். துளையே போடாமல் ஆர்க்டிக் கடலடியின் அடுக்குகளை எப்படிச் சொல்கிறார்கள்?"

ஒலியை வைத்துத்தான். கப்பலுக்குப் பின்னால் தண்ணீருக்குள் தொங்கும் ஏர்கன், சுமார் 140 பார் அழுத்தக் காற்றைச் சட்டென்று விடும். அந்த அதிர்வு கீழே போய், அடர்த்தியோ ஒலிவேகமோ மாறும் ஒவ்வோர் எல்லையிலும் கொஞ்சம் திரும்பி வரும். ஹைட்ரோபோன்கள் (நீருக்குள் ஒலி கேட்கும் மைக்குகள்) கோத்து, கப்பல் பின்னால் இழுத்துப் போகும் ஸ்ட்ரீமர் கேபிள் அதைப் பதிவு செய்யும்.

கிடைப்பது நேரம். நமக்கு வேண்டியது ஆழம். அதற்கு வேகம் தெரியவேண்டும், சுவாரசியமே அதில்தான். கடல் 3,000 மீட்டர் ஆழம், ஒலிவேகம் நொடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கன் பக்கத்து ஹைட்ரோபோனுக்கு எதிரொலி 4 நொடியில் வரும். 3 கிலோமீட்டர் தள்ளி இருப்பதற்குச் சாய்வாக வரவேண்டும், 4.47 நொடி ஆகும். வேகம் கூடினால் இந்தத் தாமதம் குறையும். ஆக, தாமதத்தை அளந்தால் வேகம் பிடிபடும். அடுக்கடுக்காகக் கீழே இறங்கலாம்.

பனிக்கடலில் 3 கிலோமீட்டர் கேபிளை இழுத்தால் பனிப்பாளம் அறுத்துவிடும். 300 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்போது தாமதம் வெறும் 5 மில்லிநொடி. பனி உடைக்கும் இரைச்சலில் அதை நம்ப முடியாது. அதனால் சோனோபாய் என்ற மிதவையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கப்பல் ஏர்கன்னைச் சுட்டுக்கொண்டே விலகிப் போகும். மிதவை கேட்டதை ரேடியோவில் அனுப்பும். இன்னொரு தொல்லை: பனிக்குத் தப்ப ஏர்கன்னை 20 மீட்டர் ஆழத்தில் இழுத்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் தலைகீழாகத் திரும்பும் அலை 37 ஹெர்ட்ஸ் அளவில் மூல அலையையே அழித்துவிடும். மெல்லிய அடுக்குகள் மங்கிப்போகும்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் படத்தில், சாய்ந்த அடுக்குகளை வெட்டிவிட்டு மேலே தட்டையாக அடுக்கு படிந்திருந்தால், நடுவே அரிப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆர்க்டிக் கடலுக்கடியில் உள்ள லோமனோசோவ் மலைத்தொடரில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் எதிரொலிக்கு வயது தெரியாது. அதனால் 2004-இல் மூன்று பனி உடைப்புக் கப்பல்கள் அங்கே போய், இரண்டு பனியை உடைத்துத் தள்ள, மூன்றாவது துளையிட்டது. 428 மீட்டர் ஆழம் வரை மண் எடுத்தார்கள். சுமார் 4.9 கோடி ஆண்டு பழைய அடுக்கில் இருந்தது அசோலா! நம் தோட்டங்களில் மாட்டுத் தீவனத்துக்குக் குழியில் ஷீட் விரித்து வளர்க்கிறோமே, அதே பேரினம். நன்னீரில் மட்டுமே பெருகும் செடி. அப்படியானால் அன்று துருவக் கடலின் மேற்பரப்பு உப்பில்லாமல் இருந்திருக்கிறது.

உள்ளங்கையில் தேங்காய் நிமிர்ந்தால் நீரோட்டம் என்று நம்பி லட்சங்களைக் கொட்டும் ஊரில் இதை அழுத்திச் சொல்லவேண்டும்: அளந்துவிட்டுத் துளையிடுவதுதான் செலவைக் காக்கும். ஆர்க்டிக்கிலோ துளை மட்டும் போதவில்லை. அதே மண்தூணில் 4.4 கோடி முதல் 1.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான அடுக்கே இல்லை என்றார்கள்; இல்லை, மெதுவாகப் படிந்திருக்கிறது என்று பின்னர் வேறு காலக்கணிப்பு சொன்னது. எதிரொலிக் கோட்டைப் பிடித்து அந்த வயதைப் பக்கத்துப் படுகைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. மலைத்தொடரின் செங்குத்துச் சரிவில் கோடு அறுந்துவிடுகிறது.