முழங்கால் நோகுமுன் இரத்தம் சொல்லும் சேதி

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் என் பெரியம்மா நாற்பது வருஷத்துக்கு மேல் வெங்காயத் தறையில் குந்தியிருந்து களை பிடுங்கியவர். "எழும்பேக்க முழங்கால் சிரட்டைக்குள்ள ஏதோ அரைபடுது பிள்ளை" என்று அவர் சொன்ன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி ஒரு பக்கத்தில் மயிரிழையாகிவிட்டிருந்தது. இதை ஏன் முன்பே ஒருவராலும் காணமுடியவில்லை என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். தேய்வதோ எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கசியிழையம் என்று படித்தது. அது படத்தில் விழாது. இடைவெளி ஒடுங்கியிருப்பதையும் எலும்பு முள்ளுப்போல் வளர்ந்திருப்பதையும் வைத்தே வைத்தியர் தேய்வை ஊகிக்கிறார். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் 1957இல் வகுத்த 0 முதல் 4 வரையான படிநிலைதான் இன்றும் பாவனையில் இருக்கிறது. குருத்தெலும்பில் நரம்பு இல்லை, அதனால் தேயத் தொடங்கும்போது நோவதும் இல்லை.

அதில் இரத்தக் குழாயும் இல்லை. அப்படியானால் அதன் சேதி இரத்தத்துக்கு எப்படிப் போகிறது?

நல்ல இளம் நுங்கை விரலால் அமத்திப் பாருங்கள். உள்ளே நீர் இருப்பதால் அமுங்கி மீண்டும் எழும். குருத்தெலும்பும் முக்கால்வாசி நீர்தான். கொலாஜன் நார்கள் வலைபோல் பின்னியிருக்க, அதற்குள் சிக்கிய அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள் நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. நோய் தொடங்கும்போது, அங்குள்ள உயிரணுக்கள் சுரக்கும் நொதியங்களே அந்த வலையை நறுக்குகின்றன. நறுக்குண்ட புரதத் துண்டுகள் மூட்டுத் திரவத்தில் விழுகின்றன. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் உண்டு. அவற்றின் வழியே துண்டுகள் மெல்ல மெல்ல இரத்தத்தில் கலக்கின்றன. அந்தத் துண்டுகளையும், மூட்டின் அழற்சியோடு சேர்ந்து கூடிக்குறையும் வேறு புரதங்களையும் நிறைமாலைமானி என்ற கருவியால் எடை பிரித்து அடையாளம் காணலாம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வேர்ஜீனியா கிரௌஸ் தலைமையிலான குழு இதைத்தான் செய்து 2024இல் வெளியிட்டது. லண்டனின் சிங்ஃபர்ட் பகுதிப் பெண்களை 1989 முதல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் சேமித்திருந்த இரத்தம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 200 பெண்கள், பாதிப்பேருக்குப் பின்னர் முழங்கால் தேய்வு வந்தது, மீதிப்பேருக்கு வரவில்லை. எக்ஸ்ரேயில் அடையாளம் தெரிவதற்கு எட்டு வருஷம் வரை முன்னதாகவே ஆறு புரதங்கள் வித்தியாசம் காட்டின. நோய் வரப்போகும் ஒருவரையும் வராத ஒருவரையும் எடுத்தால், யார் யாரென்று 100க்கு 77 தடவை சரியாகப் பிரிக்கலாம். முழங்கால் நோவை மட்டும் வைத்துப் பார்த்தால் 57தான். வயதும் உடற்பருமனும் 51, நாணயம் சுண்டுவது போல. ஆனால் இரு பகுதியினரையும் வயதும் பருமனும் ஒத்துவரும்படிதான் தெரிந்தெடுத்திருந்தார்கள் என்பதால் அந்த 51ஐ நான் பெரிதாக எடுக்கமாட்டேன். நோவையும் தாண்டி இரத்தம் பேசியதுதான் எனக்கு முக்கியம்.

நமது ஊரில் முழங்கால் நோவுக்கு எழுதித் தரும், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், யூரிக் அமிலப் பரிசோதனைகள் இவை அல்ல. அவை வேறு மூட்டு நோய்களைப் பிரித்தறிய எடுப்பவை. தேய்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். புதிய முறையிலும் சிக்கல் உண்டு. கோம்ப் என்ற குருத்தெலும்புப் புரதம் அரை மணித்தியாலம் நடந்தாலே இரத்தத்தில் கூடும். இடுப்பும் விரல் மூட்டுகளும் தங்கள் துண்டுகளை அதே இரத்தத்துக்குத்தான் அனுப்புகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆராய்ந்த 200 பேரும் பிரித்தானிய வெள்ளையினப் பெண்கள். தரையில் சம்மணமிட்டு, குந்தி, நல்லூர்க் கோயில் வீதியில் அடியழித்து, அதாவது அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, வாழும் பெண்களின் இரத்தத்திலும் அதே ஆறு புரதங்கள் அதே கதையைச் சொல்லுமா என்று இங்கேயே பார்க்கவேண்டும். அதற்கு இன்றே இரத்தம் எடுத்து உறைகுளிரில் வைத்தால்தான் பத்து வருஷத்தில் பதில் வரும்.

தேய்ந்ததைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்னும் இல்லை. எடையைக் குறைப்பதும் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் நோவைக் குறைக்கின்றன. பெரியம்மாவின் மகளுக்கு இப்போது 46 வயது, முழங்காலில் ஒரு நோவும் இல்லை. அதே தறையில்தான் களை பிடுங்குகிறார். போன மாதம் அவருக்கு ஒரு சின்ன முக்காலி செய்து கொடுத்தேன். குந்தாமல் அதில் இருந்து பிடுங்குகிறார்.