கத்தி எடுக்கும் முன் கையுறை: காட்டுப்பன்றி வேட்டை பழகுவோருக்கு

ஆறு வாரமாக மாலையானால் காய்ச்சல். இரவில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. ஐந்து கிலோ எடை குறைந்திருந்தது. இடுப்புக்குக் கீழே விடாத வலி. வயது முப்பத்தெட்டு, கணினி வேலை, ஹூஸ்டன் வாசம், சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். முதலில் பார்த்த மருத்துவர் நாற்காலியைக் குறை சொன்னார். அடுத்தவர், நோயாளி இந்தியர் என்பதால் காசநோயைச் சந்தேகித்து ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பாசிட்டிவ் என்று வந்தது. இந்தியாவில் வளர்ந்தவர்களில் பலருக்கு அது பாசிட்டிவாகத்தான் வரும். என்றோ உள்ளே புகுந்து உறங்கிக்கிடக்கும் கிருமியையும் அந்தச் சோதனை காட்டிவிடும். காசநோய் மாத்திரைகளைத் தொடங்கலாமா என்ற கட்டத்தில்தான், தொற்றுநோய்ப் பிரிவில் இருக்கும் என்னிடம் அனுப்பினார்கள்.

வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். ஊருக்குப் போய்வந்தீர்களா, காய்ச்சாத பால் குடித்தீர்களா, ஆடு மாடு அருகே போனீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். கூட வந்திருந்த மனைவிதான் பொறுமை இழந்தார்.

“நவம்பரில் நண்பர்களோடு காட்டுக்குப் போய்ப் பன்றி அறுத்துக் கொண்டுவந்தீர்களே, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.”

“அது வேட்டை. அதற்கும் இதற்கும் என்ன?”

சம்பந்தம் இருந்தது. புரூசெல்லா சூயிஸ் என்ற பாக்டீரியா அவர் ரத்தத்தில் வளர்ந்தது. ஊரில் மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லாவின் பன்றிப் பங்காளி இது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பின் இந்தக் கிருமியையும் பாதி அடக்கும். அந்த மாத்திரைகளைத் தொடங்கியிருந்தால் காய்ச்சல் சற்றுத் தணிந்து, நோய் முதுகெலும்பில் ஒளிந்துகொண்டு, காரணம் தெரியாமலே போயிருக்கும்.

டெக்சாஸில் நம்மவர்கள் பலர் இப்போது பன்றி வேட்டை பழகுகிறார்கள். தவறென்று நான் சொல்லவில்லை. நானும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து இரண்டு பருவம் போய்வந்தவன்தான். ஆனால் பழகுகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பத்து மணி நேரம் படிக்கிறார்கள், பன்றி விழுந்த பிறகு வரும் ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் படிப்பதில்லை. என்னிடம் வருகிறவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள்.

நம் நோயாளி போனது ஹூஸ்டனுக்கு வடக்கே உள்ள சாம் ஹூஸ்டன் தேசிய வனம். ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஏக்கருக்கு மேல் பைன் மரமும் ஓடைச் சதுப்பும். சொந்தப் பண்ணை இல்லாதவனுக்கு இத்தகைய பொது நிலம் பெரிய வரம். அதே நேரத்தில், அங்கே எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு. பண்ணையில் இரை தூவிவைத்து, இரவில் விளக்கடித்துச் சுடுகிறார்கள். பொது வேட்டைநிலத்தில் அதெல்லாம் நடக்காது. சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரைதான் நேரம். தலையிலும் மார்பிலும் முதுகிலும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். அடுத்த புதருக்குப் பின்னால் இன்னொரு வேட்டைக்காரர் இருக்கலாம். எந்த மாதத்தில் எந்த ஆயுதம் என்பது வனத்துக்கு வனம் மாறும். பொது வேட்டைநிலத்துக்கான 48 டாலர் ஆண்டு அனுமதியை வாங்கியதும், அதற்கான வரைபடக் கையேட்டை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள்.

பன்றியைக் கண்டுபிடிப்பதுதான் பாதிக் கல்வி. அதற்குக் கண் மந்தம், காது கூர்மை, மூக்கோ அபாரம். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம். ஓடைக்கரையில் ஏர் ஓட்டியதுபோல் கிளறிக் கிடக்கும் மண், அதன் ஈரம் காயாமல் இருந்தால் நேற்றிரவு வேலை. வியர்வையால் உடலைக் குளிரவைக்க முடியாத விலங்கு என்பதால் சேற்றுக்குழியைத் தேடிப் புரளும். பிறகு பக்கத்து மரத்தில் தேய்த்துக்கொள்ளும். மரப்பட்டையில் சேறு எவ்வளவு உயரத்தில் அப்பியிருக்கிறது என்று பார்த்தால் பன்றியின் உயரம் தெரிந்துவிடும். குளம்படி மானுடையதைப் போலவே இருக்கும், நுனி மட்டும் மழுங்கி உருண்டிருக்கும். இதயம் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. கிழட்டு ஆண்பன்றிக்குத் தோள்மேல் கேடயம்போல் தடித்த தோல் வேறு. மான் சுட்டுப் பழகியவர்கள் உயரமாகக் குறிவைத்துக் காயப்படுத்திவிடுவது இதனால்தான். விழுந்த பன்றியைப் பின்பக்கமாக நெருங்கி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் அது சாகவில்லை. கோரைப்பல் தொடையைக் கிழித்தால் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. செல்போன் சிக்னல் இல்லாத காட்டில் ரத்தப்போக்கை இறுக்கி நிறுத்தும் டூர்னிகே பட்டை ஒன்று பையில் இருப்பது நல்லது. இருந்தாலும் பன்றி குத்தி வந்தவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

பார்த்ததெல்லாம் கத்திக்காரர்கள். நம் நோயாளி சொன்னதைக் கேளுங்கள். அறுபது கிலோ பெண்பன்றி. காரிலிருந்து முக்கால் மைல் தள்ளி விழுந்தது. மூன்று பேர், ஒரே கத்தி. பன்றித்தோல் ஆட்டுத்தோல் மாதிரி உரிந்து வராது; கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும், அங்குலம் அங்குலமாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ரோமத்தில் காய்ந்த சேறு கத்தியை மழுக்கிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்தினார், வழுக்கி இடது ஆட்காட்டி விரலில் கீறியது. ஓடைத் தண்ணீரில் கழுவிவிட்டுத் தொடர்ந்தார். வயிற்றைத் திறந்தபோது உள்ளே குட்டிகள் இருந்தன. கருப்பையை வெறுங்கையால் வழித்து எடுத்தது அவர்தான், “சின்ன வயதில் தாத்தா ஆடு அறுப்பதைப் பார்த்திருக்கிறேன்” என்ற தைரியத்தில்.

புரூசெல்லா மிக அதிகமாகக் குடியிருக்கும் இடங்களில் ஒன்று சினைக் கருப்பை. ரத்தமும் நிணநீரும் அதற்கு அடுத்தபடி. விரலில் ஒரு கீறல், கண்ணில் ஒரு துளி, மூக்கில் ஏறும் ஒரு சாரல் போதும். வெளியே பார்த்தால் பன்றி கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும். பார்வையால் சொல்லவே முடியாது. தொற்றியபின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். அதற்குள் வேட்டை மறந்துபோயிருக்கும்.

ஆகவே நான் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். நீளமான நைட்ரைல் கையுறை, இரண்டு அடுக்கு. கண்ணுக்குக் கண்ணாடி. இரண்டு கூரான கத்திகள். முடிந்தால் வயிற்றைத் திறக்கவே வேண்டாம்: பன்றியை ஒருக்களித்துப் போட்டு, முதுகுவழியே தோலை உரித்து, தொடைகளையும் தோள்களையும் முதுகுச் சதையையும் மட்டும் எடுத்துக்கொண்டால் குடலும் கருப்பையும் தொடப்படாமலே இருந்துவிடும். காரிலிருந்து முக்கால் மைல் தள்ளி நிற்கும்போது சுமையும் குறைகிறது. அறுக்கும்போது சாப்பிடுவதும் புகைப்பதும் வேண்டாம். கழற்றிய கையுறையைப் பையில் கட்டி வீட்டுக் குப்பைக்குக் கொண்டுவாருங்கள். டெக்சாஸ் வெயிலில் இறைச்சி சீக்கிரம் கெடும், பனிக்கட்டிப் பெட்டி காரில் தயாராக இருக்கட்டும். கொழுப்பு நீலமாக இருந்தால் அந்தப் பன்றி வார்ஃபரின் கலந்த விஷ இரையைத் தின்றிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

உப்புக்கண்டம் போடுவதும் புகையூட்டுவதும் உறையவைப்பதும் புரூசெல்லாவைக் கொல்லாது. வெந்தால்தான் சாகும், துண்டின் நடுவே 71 டிகிரி செல்சியஸ், அமெரிக்க வெப்பமானியில் 160. இந்த விஷயத்தில் நம் குக்கர் சமையல் இங்குள்ளவர்களின் பாதி வெந்த வறுவலைவிட எவ்வளவோ மேல். நாய் வளர்ப்பவர்கள் பச்சைத் துண்டை அதற்குப் போட்டுவிடாதீர்கள். பன்றியிடமிருந்து தொற்றும் பொய் வெறிநோய் (சூடோரேபிஸ்) என்ற வைரஸ் நோய் மனிதரைத் தாக்குவது மிக அரிது, நாயையோ சில நாளில் கொன்றுவிடும்.

மருத்துவத்துக்கு வெளியே ஒரு செய்தி; ஆனால் இதை யாரும் நம்மவர்களுக்குச் சொல்வதில்லை. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி சுட வேட்டை உரிமம் தேவையில்லை. பொது நிலத்தில் தேவை. இதை அரைகுறையாகக் கேட்டு, “நண்பர் பண்ணைதானே” என்று எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) விசாக்காரர்கள் துப்பாக்கியைத் தூக்கிவிடுகிறார்கள். மத்தியச் சட்டம் இத்தகைய விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. பன்றிக்கு வேண்டாத உரிமம் உங்களுக்கு வேண்டும். அது ஆகஸ்ட் 31-ல் காலாவதியாகிறது. பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

வேட்டையால் பன்றி ஒழியும் என்ற பெருமிதத்தையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். 1539-ல் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறக்கிய பன்றிகளில் தொடங்கிய கதை இது. ஆறேழு மாதத்தில் பருவமடைந்து, நூற்றுப்பதினைந்து நாளில் ஈனும் விலங்கு. டென்னசி மாநிலம் 1999-ல் கணக்கின்றிச் சுடலாம் என்று திறந்துவிட்டது. சுடுவதற்குப் பன்றி வேண்டுமே என்று ஆட்கள் உயிரோடு பிடித்து லாரியில் ஏற்றிப் புதிய இடங்களில் விட்டார்கள். 15 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) இருந்த பன்றி எண்பது கவுண்டிகளுக்குப் பரவிய பிறகு, 2011-ல் விதியை மாற்றினார்கள். மிசௌரி 2016-ல் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையையே தடைசெய்தது. ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி ஓட, கூட்டத்தோடு பிடிக்கவைத்த பொறி வீணாகிறது என்று. நாம் போவது இறைச்சிக்கும் காட்டில் ஒரு விடியற்காலைக்கும்தான்.

வேட்டைக்குப் பின் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே காட்டுப்பன்றி அறுத்தேன் என்று சொல்லுங்கள். ஆய்வகத்துக்கும் தகவல் போக வேண்டும். முன்னறிவிப்பின்றி இந்தக் கிருமியை வளர்த்துத் தொற்றிக்கொண்ட ஆய்வக ஊழியர்கள் உண்டு.

நம் நோயாளி டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பினும் ஆறு வாரம் சாப்பிட்டுத் தேறினார். கடைசியாக வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்: “டாக்டர், ஃப்ரீசரில் இன்னும் எட்டு கிலோ இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு குக்கரில் வைத்தால் சாப்பிடலாம் இல்லையா?”

சாப்பிடலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் மனைவி சொன்னார்: “அதை ஜனவரியிலேயே தூக்கிப் போட்டாகிவிட்டது. கையுறை போட்டுக்கொண்டுதான்.”