நிற்கிற தண்ணீர், தொங்குகிற தண்ணீர்

மொரீசியசில் விடுகதை போடுகிறவர் முதலில் "சிராந்தான்?" என்று கேட்பார். பிள்ளைகள் "சாம்பெக்!" என்று கத்தினால்தான் ஆட்டம் தொடங்கும். "திலோ திபூத்?" அதாவது நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. "திலோ பாந்தான்?" தொங்குகிற தண்ணீர்? தேங்காய். அந்தத் தீவில் எல்லாருக்கும் தெரிந்த பழைய விடுகதைகள் இவை. கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்களின் வாயில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழியில் கரும்பைப் பற்றியே ஒரு விடுகதை இருப்பதில் ஆச்சரியமில்லை.

அந்த 'திலோ' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துவோம். பிரெஞ்சில் தண்ணீருக்குச் சொல் வெறும் 'ஓ', ஒரே ஒரு உயிரொலி. ஆனால் பேச்சில் அது தனியாக வருவது அபூர்வம். கொஞ்சம் தண்ணீர் என்று கேட்க 'து லோ' என்பார்கள், முன்னால் இருப்பதெல்லாம் ஒட்டு. எழுத்தைக் கண்ணால் பார்க்காமல், அதட்டி வேலை வாங்குகிறவன் வாயிலிருந்து காதால் மட்டும் கேட்டுப் பழகுகிற ஒருவருக்கு எது ஒட்டு, எது சொல் என்று எப்படித் தெரியும்? மொத்தமாக அள்ளிக்கொண்டார்கள். திலோ. சோறு 'திரி', தெரு 'லாரி' (நம் ஊர் லாரி இல்லை). பறவை இன்னும் வேடிக்கை. பிரெஞ்சில் ஒரு பறவை 'வாஸோ'. பல பறவைகள் என்றால் முன்னால் வரும் பன்மை ஒட்டின் கடைசி ஒலி வழிந்து 'லே ஸ்வாஸோ' என்று காதில் விழும். மொரீசியசில் ஒற்றைப் பறவையே ஸ்வாஸோதான். சிரிக்க வேண்டாம், பஸ்ஸில் "ஒரு லேடீஸ் நிக்கிறாங்க, எடம் குடுங்க" என்று சொல்கிற நாமும் இதையேதான் செய்கிறோம்.

வீடு என்பது 'லாகாஸ்'. 'லா' பிரெஞ்சின் பெண்பால் ஒட்டு, 'காஸ்' குடிசை. ஒட்டு உள்ளே செத்துப்போய்ச் சொல்லோடு சொல்லாகிவிட்டது. அப்போது 'அந்த வீடு' என்று குறிப்பாகச் சொல்வது எப்படி? 'லாகாஸ்-லா'. பின்னால் வரும் லா வேறு, 'அங்கே' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. முன்னால் ஒரு செத்த லா, பின்னால் ஒரு உயிருள்ள லா. ஒரு மொழி இடிந்து இன்னொன்று எழும்பியதை ஒரே சொல்லில் பார்க்க வேண்டுமென்றால் எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

சரி, இடிந்தது எப்படி? மொரீசியசுக்குப் பூர்வகுடிகள் கிடையாது. டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறிப் பார்த்து, 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1721இலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள், மடகாஸ்கர், மொசாம்பிக், மேற்கு ஆப்பிரிக்கா, இந்தியா என்று பல திசைகளிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1735இல் வந்த ஆளுநர் லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களையும் வரவழைத்தார், தீவின் முதல் தமிழர்களில் அவர்களும் அடக்கம். தொடக்கத்தில் ஆட்கள் குறைவு, எசமானும் அடிமையும் ஒரே முற்றத்தில் கிடந்தார்கள், அதனால் புதிதாக வந்தவர் காதில் விழுந்தது ஓரளவு நிஜ பிரெஞ்சு. ஆள் கூடக் கூட அடிமைகளே பெரும்பான்மை ஆனார்கள். அப்புறம் கப்பலில் இறங்கியவருக்குப் பேச்சு கற்றுக்கொடுத்தது பிரெஞ்சுக்காரர் இல்லை, அவருக்கு முன்னால் இறங்கிய இன்னொரு அடிமை. அவர் கற்றதே அரைகுறை. நகலின் நகலின் நகல். நாலைந்து கை மாறினால் பிரெஞ்சின் வினைத் திரிபுகளெல்லாம் உதிர்ந்துவிடும்.

உதிர்ந்த இடம் காலியாக இருக்காது என்பதுதான் விஷயம். 'மோ மான்ஸே', நான் சாப்பிடுகிறேன். 'மோ தி மான்ஸே', சாப்பிட்டேன். 'மோ பே மான்ஸே', சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து 'மோ தி பே மான்ஸே' என்றால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 'மோ ஃபின் மான்ஸே', சாப்பிட்டுவிட்டேன். நான், நீ, அவன், அவர்கள் யார் சாப்பிட்டாலும் வினை மாறாது, முன்னால் வரும் குட்டிச் சொல்தான் காலம் காட்டும். இந்தக் குட்டிச் சொற்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 'ஃபின்' என்பது பிரெஞ்சின் 'முடித்த' என்பதன் தேய்ந்த வடிவம், 'பே' என்பது பின்னால் என்று பொருள்படும் 'அப்ரே'யின் மிச்சம். பொருள் தேய்ந்து இலக்கணம் ஆவது நமக்குப் புதிதா என்ன? 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதில் 'கொள்' எதையும் கொள்வதில்லை, 'சாப்பிட்டுவிட்டேன்' என்பதில் யாரும் எதையும் விடுவதில்லை.

இதை 'உடைந்த பிரெஞ்சு' என்று சொல்கிறவர்களிடம் ஒரு விதியைக் காட்டலாம். வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் வந்தால் வினை குறுகும், 'மோ மான்ஸ் திரி', சோறு சாப்பிடுகிறேன். எதுவும் வராவிட்டால் நீளும், 'மோ மான்ஸே'. இப்படி ஒரு விதி பிரெஞ்சில் இல்லை. தன் சொந்த விதியை மீறினால் தப்பு என்று சொல்கிற மொழி எப்படி உடைந்த மொழி ஆகும்?

இப்படி ஒரு மொழி எப்படிப் பிறக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. டெரெக் பிக்கர்ட்டன், ஹவாயின் கிரியோலைப் பார்த்துவிட்டு, பெற்றோரின் அரைகுறைப் பேச்சைக் கேட்டு வளரும் குழந்தைகள் பிறவியிலேயே மூளையில் இருக்கும் இலக்கண வரைபடத்தை வைத்து ஒரே தலைமுறையில் மொழியைக் கட்டிவிடுகிறார்கள் என்றார். ரொபேர் ஷோதன்சோன் போன்றவர்கள், நான் மேலே சொன்ன நகலின் நகல் கதையைச் சொல்கிறார்கள், மெல்ல மெல்ல விலகிப் போனது என்று. மொரீசியசைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. பிரெஞ்சில் பேச்சுவழக்கில் ஏற்கனவே இருந்ததையே இவர்கள் இழுத்து நீட்டியிருக்கிறார்கள்.

1810இல் ஆங்கிலேயர்கள் தீவைப் பிடித்தார்கள், 1835இல் அடிமைமுறை ஒழிந்தது, அந்த இடத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 4.5 லட்சம் இந்தியர்கள் கல்கத்தா, மதராஸ், பம்பாய் வழியாக வந்து இறங்கினார்கள். தீவின் முகமே மாறியது, மொழி மாறவில்லை. வந்தவர்கள்தான் கிரியோலுக்கு மாறினார்கள். பதிலுக்குச் சமையலறையில் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போனார்கள்: பீர்க்கங்காய் அங்கே 'பிப்பாங்காய்', கறிவேப்பிலை 'காரிபூலே', முருங்கைக் கீரை 'ப்ரெத் மூரூம்', ரசம் 'ரசோன்'.

இங்கேதான் சிக்கல். மொழியின் பெயர் கிரியோல், இன்று தீவில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது இதை. ஆனால் 'கிரியோல் ஆள்' என்று சொன்னால் அது பெரும்பாலும் ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளின் வழிவந்தவர்களை மட்டும் குறிக்கும். அரசியல் சட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு பெயர்கூட இல்லை. இந்து, முஸ்லிம், சீனர் என்று மூன்று பெட்டி, மிச்சமெல்லாம் 'பொது மக்கள்'. அடிமையின் பேரனும் அவரை வாங்கிய வெள்ளைக்காரரின் பேரனும் ஒரே பெட்டியில். மற்றவர்கள் தங்களை அடையாளம் காட்டுவது வீட்டில் பேசும் மொழியால் இல்லை, மூதாதையர் மொழியால். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி உண்டு.

1998இல் மொரீசியசின் புதிய ரூபாய் நோட்டு வந்தபோது அதில் தமிழ் எழுத்துக்கு மேலே இந்தி எழுத்து இருந்தது. தமிழர்கள் கொதித்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று, தமிழை மீண்டும் மேலே வைத்து அச்சடித்தார்கள். கொதித்தவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது கிரியோல்! அந்த மொழி நோட்டில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. இதில் கேலி செய்ய எனக்கு மனசில்லை. பேசாத மொழிக்காகச் சண்டை போடுகிறவருக்கு அந்த மொழி வேறு ஏதோ ஒன்றாக, தாத்தாவின் பெயராகவோ கோயில் காவடியாகவோ இருக்கிறது.

கிரியோலுக்கு 2011இல்தான் அரசு ஏற்ற எழுத்து முறை வந்தது, 2012 ஜனவரியில் தொடக்கப் பள்ளிக்குள் விருப்பப் பாடமாக நுழைந்தது. அதுவும் தமிழ், இந்தி, உருது போன்ற மூதாதையர் மொழிகளுக்கு மாற்றாக, இதுவா அதுவா என்று. அதனால் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, வாயில் இருக்கிற மொழியா பெயரில் இருக்கிற மொழியா என்று ஐந்து வயதில் முடிவு செய்ய வேண்டும், அதாவது அம்மா அப்பா முடிவு செய்வார்கள். தமிழ் என்று டிக் போட்டால், பிப்பாங்காயை நன்றாகத் தெரிந்த பிள்ளை பீர்க்கங்காய் என்று எழுதக் கற்றுக்கொள்ளும்.