அடுப்படி எண்ணெய்: எதை வாங்குவது, எவ்வளவு ஊற்றுவது, எப்போது கழிப்பது

கோலாலம்பூரில் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றும் என்னிடம், இரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாக அறிந்து வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த எண்ணெயை வாங்கலாம் என்பதுதான். வாங்கிய எண்ணெய் எத்தனை பேருக்கு, எத்தனை நாளில் தீர்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் பலரால் சொல்ல முடிவதில்லை. நால்வர் உள்ள வீட்டில் 5 கிலோ போத்தல் 30 நாளில் தீருமானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் எண்ணெய் சேர்கிறது. செம்பனை, நல்லெண்ணெய், ஆலிவ் என எதுவாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி என்பதால், அந்த 42 கிராமிலேயே 375 கலோரிக்கு மேல் வந்துவிடுகிறது. வெளியில் உண்ணும் ரொட்டி சானாயும் வடையும் இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே, புதுப் போத்தலைத் திறக்கும் நாளை அதன்மேல் பேனாவால் எழுதிவையுங்கள். தாளிக்கும்போது போத்தலிலிருந்து நேராக ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து விடுங்கள்.

அளவு தெரிந்தபின் வகையைப் பார்க்கலாம். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இருப்பது செம்பனை எண்ணெய். அரசு மானியம் பெற்ற ஒரு கிலோ பாக்கெட் 2 ரிங்கிட் 50 சென்னுக்குக் கிடைப்பதால் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதுவே கைகொடுக்கிறது. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. நல்லெண்ணெயில் ஏறத்தாழ 15, சூரியகாந்தியில் 11, தேங்காய் எண்ணெயிலோ 80-க்கும் மேல். நாம் பெறும் ஆற்றலில் நிறைவுற்ற கொழுப்பின் பங்கு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதாவது நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு ஏறத்தாழ 22 கிராம். மேலே சொன்ன 42 கிராமும் செம்பனை எண்ணெயாக இருந்தால் அதிலேயே 19 கிராம் போய்விடும். தேங்காய்ப்பால் கறிக்கும் ஆட்டிறைச்சிக்கும் இடமே இருக்காது. அதே எண்ணெயைப் பாதியாகக் குறைத்தால் 10 கிராமுக்குள் அடங்கும். விலை உயர்ந்த எண்ணெயை வாங்க இயலாதவர்கள் மனம் வருந்தத் தேவையில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். எனினும், இதய நோய் உள்ளவர்களும் கெட்ட கொழுப்பு கூடியவர்களும் அன்றாடச் சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி ஆகியவற்றுக்கு மாறுவதே நலம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் செக்கெண்ணெய் கேட்டு வாங்குவோர் பலர். அதன் மணமும் சுவையும் எனக்கும் பிடிக்கும்; ஆனால் செக்கில் ஆட்டியதால் அதன் கலோரியோ கொழுப்பின் தன்மையோ மாறிவிடுவதில்லை. போத்தலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் வேண்டாம். தாவர எண்ணெய் எதிலுமே பொருட்படுத்தத்தக்க அளவில் கொலஸ்ட்ரால் கிடையாது.

பொரிப்பதற்கு மட்டும் கணக்கு வேறு. பன்மை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் நீண்டநேரச் சூட்டில் விரைவாகக் கெடும். செம்பனை எண்ணெய் அதைவிடத் தாங்கும். என்றாவது பலகாரம் சுடுவோர் செம்பனையில் சுடலாம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது பொரித்த பின் மிஞ்சும் எண்ணெய்தான். தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயில் மறுநாள் மீன் பொரித்து, எஞ்சியதைச் சம்பலுக்கு ஊற்றி, குறைந்த இடத்தைப் புது எண்ணெயால் நிரப்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உணவிலிருந்து வரும் ஈரமும் காற்றும் சூடும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. மிதக்கும் துகள்கள் கருகி அதை மேலும் கெடுக்கின்றன. பழையதோடு கலந்த புது எண்ணெயும் சீக்கிரம் கெடுகிறது. 170 முதல் 180 பாகை செல்சியஸ் வரையிலான சூடு பொரிக்கப் போதும். புகை எழுந்தால் அடுப்பைக் குறைத்துவிடுங்கள். ஒருமுறை பொரித்ததை ஆறவைத்து, வடிகட்டி, மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, சில நாட்களுக்குள் இன்னும் ஒரேயொரு முறை பயன்படுத்தலாம். நிறம் கறுத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல் பொங்கினால் அப்போதே கழித்துவிட வேண்டும்.

கழித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். ஆறிய பின் பழைய போத்தலில் சேர்த்து வையுங்கள். பயோடீசல் தயாரிப்புக்காக அதைக் கிலோ கணக்கில் விலைக்கு எடுத்துக்கொள்வோர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கிறார்கள்.