கறுப்பு பூசாத கறுப்பு

வாசகி ஒருவர் தன் மகனின் ஸ்கேட்போர்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். பலகையின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறம். அதன்மேல் கறுப்பில் இரண்டு வீரர்கள். கையில் ஈட்டி, தலையில் குதிரைமயிர்க் கொண்டை வைத்த கவசம். பழைய ஏதென்ஸ் பானை ஓவியத்தின் பாணி. ஆனால் பையன் கம்பிகளின்மேல் சறுக்கிச் சறுக்கி, நடுவில் ஒரு வீரனின் இடுப்பு உரிந்து மரம் தெரிகிறது. “2,500 வருடப் பானையில் கறுப்பு அப்படியே இருக்கிறதே, அது என்ன பெயின்ட் என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல?” என்று எழுதியிருக்கிறார்.

அது பெயின்ட்டே இல்லை என்று சொல்லுங்கள்.

ஸ்கேட்போர்டுக் கதை சுருக்கமானது. பெரும்பாலும் ஏழு மெல்லிய மேப்பிள் மரத் தகடுகளைப் பசை தடவி அழுத்திச் செய்த பலகை அது. படத்தை பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டு, சூடான உருளையால் அழுத்திப் பலகைக்கு மாற்றுவார்கள். மை மரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உரசினால் போய்விடும். கிரேக்கப் பாணி இந்தப் பலகைக்குப் பொருந்துவதிலும் வியப்பில்லை. இரண்டே நிறம், தட்டையான உருவம், தூரத்திலிருந்தும் தெரியும் ஓரக்கோடு. வளைந்த பானைக்கு உதவிய அதே குணங்கள் நீள ஒடுங்கிய பலகைக்கும் உதவுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் ஓவியர் கிளியோன் பீட்டர்சனின் மோதும் உருவங்களைப் பார்த்தால் இந்தப் பானைகளின் நினைவு வராமல் போகாது.

இனி பானைக்கு வருவோம். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரில் தொடங்கி, அடுத்த நூற்றாண்டில் ஏதென்ஸில் உச்சம் தொட்டது கரிய உருவ ஓவியம். டிராய் போர்க் கதையின் வீரர்கள் அகில்லிசும் அயாக்சும் போருக்கு நடுவே காய் நகர்த்தி விளையாடும், ஏதென்ஸ் பானை ஓவியர் எக்செக்கியாசின் புகழ்பெற்ற சாடி இன்று வாத்திகனில் இருக்கிறது. கி.மு. 520 வாக்கில் ஏதென்ஸ்காரர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள்: பின்புலம் கறுப்பு, உருவம் சிவப்பு. எப்படியானாலும் அந்தக் கறுப்பு ஒன்றேதான். பானை எந்த மண்ணோ, கறுப்பும் அதே வகை மண். சிவப்புக்குக் காரணமான அதே இரும்புதான் கறுப்புக்கும் காரணம்.

என்னைப் பல வருடங்களாக விடாமல் பிடித்து வைத்திருக்கும் வேதியியல் இது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இரும்புச்சத்து நிறைந்த களிமண்ணை நிறைய நீரில் கரைத்து அப்படியே விடுங்கள். பருமணிகள் சீக்கிரம் அடியில் தங்கும், நுண்மணிகள் மிதந்துகொண்டே இருக்கும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் மூழ்கும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். பொறுமையாகக் காத்திருந்து மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வடித்துச் சுண்ட வைத்தால், ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான மணிகள் கொண்ட குழம்பு கிடைக்கும். ஓவியர் தூரிகையில் தொட்டது இதைத்தான். சுட்ட மண்ணில் பச்சை மண் ஒட்டாது என்பார்கள் அல்லவா? அதனால் பானை பச்சையாக இருக்கும்போதே வரைந்துவிடுவார். கவசத்தின் மடிப்பு, தசைநார், குதிரையின் பிடரி எல்லாவற்றையும் கூரிய முனையால் கீறி எடுப்பார். கீறிய இடத்தில் அடிமண் தெரியும். ஸ்கேட்போர்டில் வீரனின் உடம்புக்குள் ஓடும் மெல்லிய கோடுகள் அந்தக் கீறல்களின் நகல்தான்.

பிறகு சூளை. ஒரே நெருப்பு, மூன்று கட்டம்.

முதலில் காற்றுவழி திறந்திருக்கும். வெப்பம் 800 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது பானையும் ஓவியமும் சேர்ந்தே சிவந்துவிடும். இரும்பு முழுக்க ஆக்சிஜன் ஏறி, ஹேமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடாக நிற்கிறது. அடுத்து காற்றுவழியை அடைத்து, பச்சை விறகைப் போடுவார்கள். உள்ளே மூச்சுமுட்டும் புகை. கார்பன் மோனாக்சைடு தனக்கு வேண்டிய ஆக்சிஜனை இரும்பிடமிருந்தே பிடுங்கிக்கொள்ள, ஹேமடைட், ஆக்சிஜன் குறைந்த கரிய இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டாக மாறும். வெப்பம் 900-ஐத் தாண்டும் இந்த நேரத்தில் சூளைக்குள் எட்டிப் பார்க்க முடிந்தால் எல்லாமே கறுப்பு. ஓவியம் எது, பானை எது என்று தெரியாது.

ஆனால் நுண்மணிக் குழம்பு இதற்குள் இளகி, மணியோடு மணி ஒட்டி, கண்ணாடிபோல் இறுகிவிட்டது. பருமணிகளால் ஆன பானை உடம்போ இன்னும் துளைத்துளையாகவே இருக்கிறது.

மூன்றாவது கட்டத்தில் வெப்பம் சற்றே தணிந்ததும் காற்றுவழியை மறுபடி திறக்கிறார்கள். ஆக்சிஜன் துளைகள் வழியே பானை உடம்புக்குள் புகுந்து இரும்பைத் திரும்பச் சிவப்பாக்குகிறது. இறுகிய படலத்துக்குள் மட்டும் அதனால் நுழைய முடியவில்லை. உள்ளே மேக்னடைட் கதவடைத்துக்கொண்டு கறுப்பாகவே கிடக்கிறது. தலைமயிரைவிட மெல்லிய அந்தக் கண்ணாடிப் பூட்டு 2,500 ஆண்டுகளாகத் திறக்கவில்லை.

இந்த முறை இடையில் முற்றிலும் மறந்துபோயிருந்தது. 1942-இல் ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் ஷூமான் செய்துகாட்டிய பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் கெட்டி (Getty) கலை நிறுவன ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டின் சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் வலிய எக்ஸ் கதிர்களில் பானைச் சில்லுகளை வைத்துப் பார்த்து, சில பானைகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சூளைக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள். பானைத் துண்டுக்கு இத்தனை செலவா என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் உடன்படவே மாட்டேன். உயர்வெப்ப பீங்கான்களில் இரும்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது விண்கலப் பொறியாளருக்கும் வேண்டிய அறிவு. அது இல்லாவிட்டாலும், மனிதர் கையால் கண்டுபிடித்த ஒன்றைப் புரிந்துகொள்வதற்கு அரசு பணம் கொடுக்கத்தான் வேண்டும்.

ரோமானியர்கள் இதே நுண்குழம்பைப் புகைக் கட்டம் இல்லாமல் சுட்டார்கள். பளபளக்கும் சிவப்புக் கலங்கள் கிடைத்தன. இத்தாலியின் அரெத்சோவில் வனைந்த அத்தகைய கலங்களின் சில்லுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கிடைத்து, 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அந்த இடத்தின் காலத்தைக் கணிக்க உதவின.

ஏதென்ஸ் குயவரிடம் வெப்பமானி கிடையாது. திறப்பது சற்றுத் தாமதித்தால் உடம்பு சிவக்காது; வெப்பம் தணியுமுன் திறந்தால் ஓவியமும் சேர்ந்து சிவந்துவிடும். அந்தப் பயத்துக்குப் பெயர்களே வைத்திருந்தார்கள். ஹோமர் பெயரில் வழங்கும் பழைய பாட்டொன்று சூளையைக் கெடுக்கும் ஐந்து பூதங்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. கண்ணேறு படாமலிருக்கச் சூளையில் கோர முகங்களை மாட்டியதும் உண்டு. இன்று புதுவீட்டில் பூசணிக்காய் கட்டுபவர்களிடம் நான் வாதாடுவேன். கையில் கருவி ஏதுமில்லாமல் ஒரு மாத உழைப்பை நெருப்பிடம் ஒப்படைத்தவரிடம் வாதாட எனக்கு மனம் வராது. அவர் முகமூடியோடு நின்றுவிடவும் இல்லை. குழம்பு பூசி, நடுவே துளையிட்ட சில்லுகளைப் பானைகளோடு சேர்த்து அடுக்கியிருப்பார். நெருப்பு எரியும்போதே கொக்கியால் ஒன்றை வெளியே இழுத்து, நிறத்தைப் பார்த்து, காற்றுவழியில் கை வைப்பார்.

தவறியதும் உண்டு. அருங்காட்சியகக் கலங்கள் சிலவற்றின் கறுப்பில் செம்பழுப்பாக ஒரு வட்டமோ திட்டோ தெரியும். பக்கத்துப் பானை நெருங்கி நின்று புகையை மறைத்த இடம் அது, அல்லது குழம்பு மெலிந்து பூட்டு சரியாக விழாத இடம். உங்கள் மகனின் பலகையில் அப்படி ஒரு திட்டு இருக்காது. வீரனின் இடுப்பில் தெரிவது மேப்பிள் மரம்தான்.