அடிப் திட்டம்: கால் கிடைத்தால் போதாது, நடந்து காட்டுங்கள்

அடிப் என்ற அரசுத் திட்டத்தில் செயற்கைக்கால் வாங்கலாம் என்றதும், டெல்லியில் திரிலோக்புரி, மதன்கீர் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "ஊனச் சர்டிபிகேட் விழுப்புரத்தில் வாங்கியது, இங்கே செல்லுமா?" செல்லும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 58ஆம் பிரிவின்படி ஊனச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். யாராவது இழுத்தடித்தால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

செயற்கைக்கால், பலவீனமான காலைத் தாங்கும் காலிப்பர், சக்கர நாற்காலி, காது மெஷின் எல்லாம் தரும் மத்திய அரசுத் திட்டம்தான் அடிப். 1981 முதல் நடக்கிறது. ஊனம் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் என்றால் முழு உதவி, 30,000 வரை பாதி. ஒரே கருவியை மறுபடி கேட்கப் பொதுவாக 3 ஆண்டு காத்திருக்க வேண்டும். டெல்லியில் ஐ.டி.ஓ. அருகே விஷ்ணு திகம்பர் மார்கில் உள்ள தீன்தயாள் உபாத்யாயா தேசிய நிறுவனத்தில் விசாரிக்கலாம். செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமான அலிம்கோ நடத்தும் முகாம்களிலும் கிடைக்கும்.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். கருவியைப் பொருத்துவதும், அதற்கு முன் தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் இந்தத் திட்டத்துக்குள்ளேயே வருகின்றன. நம்மவர்களோ செயற்கைக்காலைக் கையில் வாங்கியதும் "டீக் ஹை" (சரி) என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அது பரணில்தான் போய் முடியும்.

முட்டிக்கு மேல், தொடையில் கால் எடுத்தவருக்குச் செயற்கை முட்டியின் இடம்தான் எல்லாம். காலை ஊன்றும்போது உடம்பின் பாரம் இறங்கும் கோடு முட்டி அச்சுக்குப் பின்னால் போனால் கால் மடங்கி ஆளைக் கீழே தள்ளும். ரொம்ப முன்னால் போனால் மடக்கி எடுத்து வைப்பதே பாடாகிவிடும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான். இரு பக்கக் கம்பியைப் பிடித்து நீங்கள் நடக்க நடக்க, டெக்னீஷியன் பார்த்துப் பார்த்து திருகைத் திருப்பிச் சரிசெய்வது அதற்காகத்தான். அவசரப்படுத்தாதீர்கள், எங்கே உறுத்துகிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். முட்டி ஒற்றை அச்சா, பல அச்சா என்றும் கேளுங்கள். பல அச்சு முட்டி, ஊன்றும்போது உறுதியாக நிற்கும். வீசும்போது பாதம் தரையில் இடறாதபடி மடங்கும். சென்னை ஐஐடி 2022இல் வெளியிட்ட 'கதம்' என்ற செயற்கை முட்டி அந்த வகைதான்.

கால் எடுத்த புதிதில் மிச்சமுள்ள பகுதி மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும்; அந்தப் பகுதியை நுழைக்கும் கிண்ணமான சாக்கெட், முதலில் இறுக்கமாக இருந்தது, தொளதொளவென்று ஆகிவிடும். அப்போது இரண்டு சாக்ஸ் போட்டுச் சமாளிக்காமல் திரும்பப் போய்க் காட்டுங்கள். அளவெடுக்கவும் பொருத்தவும் போகும்போது தினமும் போடும் ஷூவையே போட்டுக்கொண்டு போங்கள். குதியின் உயரம் மாறினால் சரிசெய்த கோணமும் மாறிவிடும்.